348 என்று எழுதியவள்

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

கார்ஜ் ஸ்டேஷனில் இன்றைக்கும் இருபது நிமிடம் காத்திருப்பு. ரயில் வருகிறது, வருகிறது என்று பலகை சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தச் செய்தி ரயிலுக்குப் போய்ச் சேரவில்லை போல. வகுப்புக்குப் பிந்திப் போய், கடைசி வரிசையில் இருந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் இருப்பவன் எட்டி எட்டிப் பார்க்கிறான். பார்க்கட்டும், அவனுக்கு இது கோலம். இந்த வகுப்பில் என்னைத் தவிர ஒரே தமிழ் ஆள் கிருஷாந்த். பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரானில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்குத் தமிழில் தன் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டத் தெரியும், அதுவும் 'ஷா'வில் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுவான். ஆகவே நான் இங்கே யாரைப் பற்றியும் என்னவும் எழுதலாம்.

ஜனவரிப் பரீட்சை முடிவு வந்தது. கணிதம் இருபதுக்கு 14. பாய்மவியல் 11,5. எர்-தே-எம் — பாலமும் கட்டடமும் பாரத்தைத் தாங்குமா என்று கணக்குப் பார்க்கிற பாடம் — அந்தக் கட்டத்தில் இலக்கமே இல்லை. ஒரு கோடு மட்டும்.

நான் பொறியியலுக்கு வந்ததே அந்த ஒரு பாடத்துக்காக. ஏப்ரலில் பாலம் வடிவமைக்கிற ஒரு அலுவலகத்தில் ஸ்தாஜ், மூன்று மாதப் பயிற்சி. அவர்கள் கேட்ட ஒரே புள்ளி இதுதான். அதில் கோடு!

பெப்ரவரி 6

செயலகத்தில் கேட்டேன். "கடிதம் வரும்" என்றார்கள். இந்த நாட்டில் எனக்குக் கடிதத்தில் வந்த நல்ல செய்தி ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசிக்கவேண்டும்.

பெப்ரவரி 11

வந்துவிட்டது. பொன்னம்பலம் சுபாங்கி. 'பரீட்சையில் மோசடி செய்ததாகச் சந்தேகம்.'

அம்மா கடித உறையைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஸ்கொலர்ஷிப்போ?" என்று கேட்டா. ஓம் என்றேன். பொய். இந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொய் இல்லை, ஆனால் மோசடி என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன முதல் பொய்.

கிருஷாந்துக்கும் அதே கடிதம். போனில் கோல் எடுத்து, பிரெஞ்சில் மூச்சு விடாமல் கத்தினான். கடைசியில் தமிழில் ஒரே ஒரு வரி: "நீ என்ன செய்தனீ?"

நான் என்ன செய்தனான்! என்னட்டையோ கேக்கிறாய்? நான் படிச்சனான். வேற ஒண்டும் செய்யேல்லை.

பெப்ரவரி 13

செயலகத்தில் எங்கள் கோப்பைக் காட்டினார்கள். எர்-தே-எம் படிப்பிக்கிற மிஸ்யூ அலெக்சாந்த்ர் எங்கள் இருவருடைய விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார். இரண்டாம் கேள்வி. இரண்டு முனையிலும் தாங்கப்பட்ட ஒரு உத்திரம், மேலே சீரான பாரம். நடுவில் எவ்வளவு தொய்யும்? சூத்திரத்தில் கீழே வரவேண்டிய எண் 384. நான் 348 எழுதியிருக்கிறேன். கிருஷாந்தும் 348. சரியான விடை 12 மில்லிமீற்றர். எனக்கும் 13,2. அவனுக்கும் 13,2.

'நூற்றுப்பத்துப் பேர் எழுதிய பரீட்சையில் இந்த எண் இரண்டு தாளில் மட்டுமே வருகிறது' என்று கீழே குறிப்பு. அந்த இரண்டு தாளும் யாருடையவை என்று குறிப்பில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லையே, பெயரைப் பார்த்தாலே தெரிகிறது.

கூடவே ஒரு படிவம். குற்றத்தை ஒப்புக்கொண்டு மார்ச் 7க்குள் கையெழுத்திட்டால் பாடத்துக்குப் பூச்சியம், கோப்பில் ஒரு கண்டனம், அதோடு முடிந்தது. மறுத்தால் ஒழுங்கு விசாரணைக் குழு. அங்கே தோற்றால் பல்கலைக்கழகத்தை விட்டு விலக்கலாம், ஒரு வருடமோ, கூடவோ.

செயலகத்துப் பெண் பேனையைக்கூட நீட்டிவிட்டாள். என்னிடம் பேனை இருக்கிறது என்றேன். எடுக்கவில்லை.

பெப்ரவரி 14

348 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாசப்பலில், டெனிஸ்டன் அண்ணையின் போட்டோகொப்பிக் கடையில் ஒரு தாள் இருக்கிறது. நான்கு பக்கம், எர்-தே-எம் சூத்திரங்கள் மொத்தமும். 2009இல் இங்கே படித்த யாரோ ஒரு தமிழ் அண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு பாரிஸுக்கு வடக்கே பொறியியல் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கடைக்குப் போய், "அண்ணை, எர்-தே-எம் கொப்பி" என்று கேட்டு வாங்கித்தான் பாஸ் பண்ணினார்கள். புத்தகம் வாங்குவதில்லை, கேள்வி கேட்பதுமில்லை. அந்தத் தாளை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்குவோம். நானும் கிருஷாந்தும் அப்படியே ஆக்கினோம்.

கொப்பி அடிச்சுக் கொப்பி அடிச்சு எழுத்தெல்லாம் மங்கிப்போனதால், இரண்டு வருடத்துக்கு முந்தின கோடையில் நான்தான் அதைப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அப்போது அந்தக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். "உன்ர எழுத்து அச்சு மாதிரி, எழுதித் தா" என்று அண்ணை கேட்டார்.

ஆக 2009இல் இருந்த அந்த முட்டாள் 348 என்று எழுதி, நான் அப்படியே பார்த்து எழுதி, இப்போது நான் மோசடிக்காரி. யார் நீ? எங்கே இருக்கிறாய்? பெரிய எஞ்சினியராகி எங்கேயாவது வீடு வாங்கியிருப்பாய். நீ கட்டிய பாலம் ஏதும் இருந்தால் அதில் நான் நடக்கமாட்டேன்.

நாளைக்கு அந்தப் பழைய தாளை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் மேசையில் போடுகிறேன்.

பெப்ரவரி 15, சனி

கடை நிரம்பச் சனம். ஒருத்தர் கல்யாணக் கார்டு அடிக்க வந்து, மாப்பிள்ளையின் பெயரைப் பிரெஞ்சில் எப்படி எழுதுவதென்று முழுக் கடையிடமும் அபிப்பிராயம் கேட்டுக்கொண்டிருந்தார். டெனிஸ்டன் அண்ணை என்னைக் கண்டதும், "வாரும் எஞ்சினியர்" என்றார். பழைய தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் எறியிறேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே."

பிஸ்கட் டின் ஒன்றை இறக்கினார். உள்ளே யாருடையவோ பாஸ்போர்ட் படங்கள், மொபைல் கார்டுகள், அடியில் அந்த நான்கு பக்கம். மஞ்சளாய், ஓரத்தில் தேத்தண்ணிக் கறையோடு.

மூன்றாம் பக்கம், ஐந்தாவது வரி.

384.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். அண்ணையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். "முந்நூற்று எண்பத்து நாலு. ஏன், என்ன?" மங்கல்தான், ஆனால் 384 தான்.

பிறகு பக்கத்து றாக்கையில் இருந்து என் தாளை எடுத்தேன். அச்சு மாதிரி எழுத்து. 348.

பெப்ரவரி 16

அந்த முட்டாள் நான்.

பெப்ரவரி 19

கிருஷாந்திடம் சொன்னேன். கார் து நோர் ஸ்டேஷனில், கீழே ஆர்-ஈ-ஆர் மேடைக்குப் போகிற படியில் வைத்து. நான் D ரயில் எடுக்கவேண்டும், அவன் B. சொல்லி முடிக்க இரண்டு ரயில் போயின.

"Attends, பொறு," என்றான். "பிழை உன்ர. எழுதினது நீ. நான் ஏன் சாகவேணும்?"

அவன் படிப்போடு சேர்த்து ஒரு கொம்பனியில் வேலையும் செய்கிறவன். ஒரு வாரம் வகுப்பு, மூன்று வாரம் வேலை. விசாரணை என்று அவர்களுக்குத் தெரிந்தால் ஒப்பந்தத்தை நிறுத்திவிடுவார்களாம். கையெழுத்துப் போட்டு முடிக்கப்போகிறேன் என்றான்.

"போட்டா, என்னைப் பாத்து எழுதினதெண்டு அர்த்தம். பிறகு நானும் கள்ளி, நீயும் கள்ளன்."

"அது உன்ர பிரச்சினை, சுபா."

நியாயமான பேச்சுத்தான். அதுதான் கோபம் கோபமாக வந்தது. பிழை என்னுடையது, ஓம். நூறு தரம் சொல்கிறேன், பிழை என்னுடையது. ஆனால் பிழை விடுவதும் களவெடுப்பதும் ஒன்றா? இரண்டையும் ஒரே படிவத்தில் போட்டு, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டில் என் பெயர் வராது.

பெப்ரவரி 22

தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் 61 பேர். நடந்ததை முழுவதும் எழுதினேன். என் பிழை என்பதையும் எழுதினேன். 'இந்தத் தாளைப் பார்த்து 348 என்று பரீட்சையில் எழுதியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இது ஜனவரிக்கு முதலே இருந்த பிழை என்று காட்டவேண்டும்.'

61 பேரும் வாசித்தார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, ஒரு நிமிடத்தில் அதையும் எடுத்துவிட்டார்.

பிறகு குழுவை நடத்துகிற கரிகாலன் அண்ணை தனியாகக் கோல் எடுத்தார். 2022இல் படித்து முடித்து, இப்போது நல்ல வேலை.

"தங்கச்சி, இதைப் பெரிசாக்காதையும். தமிழ்ப் பிள்ளையள் எல்லாரும் ஒரே கொப்பியைப் பாத்துத்தான் பாஸ் பண்ணுறவை எண்டு வெளியிலை போனா எங்கட பேர் என்னாகும்? ஒரு பூச்சியம்தானே, வாங்கிக்கொண்டு போம்."

"அண்ணை, நீங்களும் அந்தக் கொப்பியைப் பாத்துத்தானே பாஸ் பண்ணினீங்கள்?"

"அது வேற."

என்ன வேறு? அவர் காலத்தில் அதில் 384 என்று இருந்தது, அதுதான் வேறு. பெரிய பெரிய கல்லூரிகளில் மாணவர் சங்கம் பழைய கேள்வி, விடை, சுருக்கக் குறிப்பு எல்லாவற்றையும் அட்டை போட்டு, தன் சின்னமும் போட்டு விநியோகிக்கிறது. அதற்குப் பெயர் பாரம்பரியம். எங்களுக்கு டெனிஸ்டன் அண்ணையின் மெஷின் இருக்கிறது. அதற்குப் பெயர் மோசடி. இதைக் கேட்டால் எங்கட பேர் கெட்டுவிடுமாம்.

குழுவில் இருந்து நான் போட்ட செய்தியை அழித்துவிட்டார். திரும்பப் போட்டேன்.

பெப்ரவரி 24

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. லாசப்பலில் ஒரு விசயம் தெரிய இரண்டு நாள் எடுத்ததே அதிசயம். அவர் கொத்து றொட்டி போடுகிற கடைக்கும் டெனிஸ்டன் அண்ணையின் கடைக்கும் நடுவில் ஐந்து கடைதான்.

இன்றைக்கு அவருக்கு லீவு. மேசையில் அந்தப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். பிரெஞ்சு வாசிப்பது கஷ்டம், ஆனால் கையெழுத்துப் போடுகிற இடம் எங்கே என்று எந்தக் கடுதாசியிலும் கண்டுபிடிப்பார்.

"போட்டு முடி பிள்ளை."

"நான் களவெடுக்கேல்லை அப்பா."

"தெரியும். ரெண்டு பேர் ஒரே வசனத்தைச் சொன்னா இவங்கள் ரெண்டு பேரையும் நம்பமாட்டாங்கள். எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். படிவத்தை மடித்தார், விரித்தார். பிறகு சொன்னார். பத்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இன்றைக்குத்தான் சொல்கிறார்.

அவர் 2008இல் இங்கே வந்தபோது அகதி விண்ணப்பத்துக்கு 'கேஸ்' எழுதிக் கொடுக்கிற ஒருத்தர் லாசப்பலில் இருந்தாராம். அப்பா தனக்கு நடந்ததைச் சொன்னார். ஊரில் வெள்ளை வான் வந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நடந்தது மத்தியானம். எழுதினவர் அதை இரவு பதினொரு மணி என்று மாற்றிவிட்டார். இரவு என்றால்தான் நம்புவார்களாம். அப்பாவுக்கு வாசித்துக் காட்டவுமில்லை. அதே ஆள், அதே வசனத்தை, அதே பதினொரு மணியை, இன்னும் கனபேருக்கு எழுதியிருக்கிறார். கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 'இக்கதை வேறு விண்ணப்பங்களிலும் காணப்படுகிறது.' நிராகரித்துவிட்டார்கள்.

"பிறகு அப்பீல். மூண்டு வருசம் பேப்பர் இல்லை. உன்னையும் கொம்மாவையும் கூப்பிடப் பிந்தினதே அதாலைதான். அதுதான் சொல்லுறன், போட்டு முடி."

நான் சின்ன வயதில் இருந்து பதினொரு வயது வரைக்கும் அப்பாவைப் போனில் மட்டும் பார்த்ததற்குக் காரணம் யாரோ ஒருத்தன் மத்தியானத்தை இரவாக்கியது. எனக்கு அழுகை வரவில்லை. மேசையைப் புரட்டவேண்டும் போல இருந்தது.

"அப்பீலிலை என்ன சொன்னீங்கள்?"

"வேற கதை எழுதித் தாறம் எண்டு வந்தவை. நான் வேண்டாம் எண்டிட்டன்."

"அப்ப என்ன சொன்னீங்கள்?"

"அந்தக் கடுதாசியிலை இருக்கிறது பிழை, எண்டு சொன்னன். மத்தியானம் எண்டு சொன்னன்."

"கையெழுத்துப் போட்டு முடிக்கேல்லையோ?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தை உறைக்குள் வைத்து, "நீ என்ர பிள்ளைதான், வேற ஆற்றை" என்று எரிச்சலோடு சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போனார். லீவு நாளிலும்.

மார்ச் 1, சனி

வர்ஷினி என்று ஒருத்தி தனியாகச் செய்தி அனுப்பினாள். கோயம்புத்தூர்ப் பெண். மாஸ்டர் படிக்க வந்தவள். போன வருடம் இந்தப் பாடத்தையும் எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். குழுவில் இருக்கிறாள், ஆனால் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எங்கள் யாழ்ப்பாணத் தமிழ் பாதி விளங்காது என்று பிறகு சொன்னாள்.

லாசப்பலில் தோசைக் கடையில் சந்தித்தோம். போனை எடுத்துக் காட்டினாள். அவளுடைய விடைத்தாளின் படம், ஜனவரி 2024. 348. அதன் மேல் சிவப்பு மையில் '384 !'

"மார்க் கம்மியா வந்துச்சுன்னு பேப்பர் பாக்கப் போனேன். அப்ப எடுத்த போட்டோ. நான்தான் தப்பா மனப்பாடம் பண்ணிட்டேன்னு நினைச்சேன். ஷீட் தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

"ஏன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"சொன்னா, உங்காளுங்க ஷீட்ல நான் குறை கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடுமே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாள் பிழையாக இருக்காது என்று அவள் நினைத்தாள். பழைய தாளைப் பார்த்து எழுதும்போது என் கை பிழை விடாது என்று நான் நினைத்தேன். விசாரணைக்கு வருவாயா, உன் விசாவுக்கு ஏதாவது பிரச்சினை வருமா என்று கேட்டேன். தோசையை முடித்தாள்.

"நான் வரேன். எனக்கும் அந்த ரெண்டு மார்க் கடுப்பு இன்னும் போகல."

மார்ச் 6

நாளைக்குக் கடைசி நாள். கிருஷாந்த் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான். மத்தியானம் வளாகத்துச் சாப்பாட்டறையில் பிடித்தேன். கெஞ்சுவதாக இல்லை. நான் யாரையும் கெஞ்சுகிற ஆள் இல்லை.

"போடு," என்றேன். "ஆனா பாத்து எழுதினதெண்டு போட்டா எப்பிடிப் பாத்தனீ எண்டு கேப்பாங்கள். நீ மூண்டாம் வரிசை. நான் ஏழாம் வரிசை. உனக்கு முதுகிலை கண் இருக்கோ?"

முறைத்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். பிறகு கோபமாகச் சிரித்தான். அது அவனுக்கு மட்டும் வரும்.

"என்ர பொஸ்ஸுக்கு என்ன சொல்லுறது?"

"நடந்ததைச் சொல்லு. ஒரு விசரி பிழையா எழுதிவைச்சாள், நான் நம்பிப் பாடமாக்கினன் எண்டு சொல்லு. என்ர பேரையும் சொல்லு."

அவன் படிவத்தைக் கிழிப்பான் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை. நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தான்.

மார்ச் 20

பாலம் போய்விட்டது. புள்ளி இல்லாமல் காத்திருக்க முடியாதாம், ஸ்தாஜ் வேறொருவருக்கு. மரியாதையான மின்னஞ்சல். மரியாதையாக நன்றி எழுதினேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். தமிழிலும் பிரெஞ்சிலும். பிரெஞ்சில் அவ்வளவு வசதி இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

விசாரணை. நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர். தலைவி நரைத்த கட்டைமயிர்க்காரி, கோபக்காரி இல்லை, ஆனால் சிரிக்கமாட்டார். ஓரத்தில் மிஸ்யூ அலெக்சாந்த்ர்.

டெனிஸ்டன் அண்ணையின் இரண்டு தாளையும் வைத்தேன். மஞ்சள் தாளில் 384. என் தாளில் 348. "இந்தக் கையெழுத்து யாருடையது?" என்று கேட்டார் தலைவி.

"என்னுடையது. பிழை என்னுடையது. 2023 கோடையில் எழுதினேன்."

"இந்தத் தாளைப் பரீட்சைக்குள் கொண்டுவரவில்லை என்று நாங்கள் எப்படி நம்புவது?"

இதற்காகத்தான் மூன்று கிழமையாகக் காத்திருந்தேன். "நான்காம் கேள்வியைப் பாருங்கள். அதற்கான சூத்திரமும் இதே தாளில், இரண்டாம் பக்கத்தில், சரியாக இருக்கிறது. நான் அந்தக் கேள்வியை வெறுமையாக விட்டேன். கிருஷாந்த் தானாக ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினான், அது உலகத்தில் எங்கேயும் இல்லாத சூத்திரம். தாள் கையில் இருந்திருந்தால் விட்டிருப்போமா?"

கிருஷாந்த் பக்கத்தில் இருந்து, "Merci, hein," என்று நக்கலாக நன்றி சொல்லி முணுமுணுத்தான்.

பிறகு வர்ஷினியைக் கூப்பிட்டார்கள். அவள் பிரெஞ்சில் தடுமாறி, ஆங்கிலத்துக்கு மாறி, படத்தைக் காட்டினாள். மிஸ்யூ அலெக்சாந்த்ர் போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"இது என் எழுத்து," என்றார். "அந்த ஆச்சரியக்குறி என்னுடையது. போன வருடம் இதைத் திருத்தினேன். மறந்துவிட்டேன்."

அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னார். நல்ல மனிசன்தான். ஆனால் உடனே என் பக்கம் திரும்பினார்.

"ஒன்று கேட்கவேண்டும். விளங்காத ஒன்றைப் பார்த்து எழுதினீர்கள். விளங்காமலே பாடமாக்கினீர்கள். 348 வரவே முடியாது என்று ஒருநாளும் சந்தேகம் வரவில்லையா?"

முகம் கொதித்தது. அவர் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் கொதித்தது.

"இல்லை, வரவில்லை. அது என் வெட்கம். ஆனால் மிஸ்யூ, உங்கள் கேள்வி கேட்டதும் பாடமாக்கியதைத்தானே? 384 என்று பாடமாக்கியவனுக்கு முழுப்புள்ளி. 348 என்று பாடமாக்கிய எனக்கு விசாரணை. அவனுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது ஒரு சரியான போட்டோகொப்பி மட்டும்தான்."

சொன்னபிறகுதான் பயம் வந்தது. தலைவி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மிஸ்யூ அலெக்சாந்த்ர் கையில் இருந்த தாளின் ஓரத்தில் எதையோ சின்னதாகக் குறித்துக்கொண்டார்.

அப்பா அரைநாள் லீவு போட்டு வந்து, எதிரே கஃபேயில் இருந்தார். கோப்பி ஆறிப்போய் இருந்தது. வென்றாயா தோற்றாயா என்று கேட்கவில்லை.

"எழுதினது நான்தான் எண்டு சொன்னனியோ?"

"ஓம்."

"அப்ப சரி. வா, சாப்பிடுவம்."

ஏப்ரல் 12

கரிகாலன் அண்ணை என்னைக் குழுவில் இருந்து எடுத்துவிட்டார். பேசாமல் இருந்த 61 பேரில் நான்கு பேர் இன்றைக்குத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள், தாங்களும் 348 தான் என்று. விசாரணை முடிந்து இரண்டு நாள் கழித்து! வைத்துக்கொள்ளுங்கள் உங்கள் 348ஐ.

ஏப்ரல் 25

கடிதம். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, தண்டனை இல்லை. கிருஷாந்துக்கும் அப்படியே.

அதே உறைக்குள் இன்னொரு தாள்: எர்-தே-எம் புள்ளி 8,5. பத்து எடுக்காவிட்டால் சித்தியில்லை. 348 பிழைதானே, பிழைக்குப் புள்ளி கிடையாது. வாசித்துவிட்டுப் படுக்கையில் விழுந்து சிரித்தேன். அம்மா வந்து, "என்ன பிள்ளை, ஸ்கொலர்ஷிப்போ?" என்றா. இந்தமுறை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு முதலே தெரியுமாம்.

8,5 என்னுடையது. ஒருத்தரும் தந்ததல்ல, ஒருத்தரிடமும் எடுத்ததல்ல. ஜூனில் ரத்ரபாஜ், திரும்ப எழுதலாம்.

மே 17

புதிய தாள் எழுதத் தொடங்கினேன். இந்தமுறை ஒரு சூத்திரத்தையும் தனியாக எழுதுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அது எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்வரை அடுத்த வரிக்குப் போவதில்லை. நான்கு பக்கம் பத்தொன்பது பக்கமாகிவிட்டது. "இது கொப்பியில்லை, புத்தகம்" என்று டெனிஸ்டன் அண்ணை முணுமுணுக்கிறார். மெஷினுக்கு இதயம் நிற்கப்போகிறதாம்.

ஜூன் 24, செவ்வாய்

ரத்ரபாஜ். எனக்கும் கிருஷாந்துக்கும் மண்டபத்தின் இரண்டு கோடியில் இடம். பெயர் ஒட்டியிருந்தது. கையாட்டினான், கண்காணிப்பவள் முறைத்தாள்.

இரண்டாம் கேள்வி: அதே உத்திரம், அதே சீரான பாரம். ஆனால் எந்த வருடக் கேள்வித்தாளிலும் நான் காணாத ஒரு வரி இந்தமுறை இருந்தது. 'சூத்திரத்தை முதலில் இருந்து நிறுவுக. பாடமாக்கிய விடைக்குப் புள்ளி இல்லை.'

அந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அவர் அன்றைக்கு ஓரத்தில் குறித்தது இதுவாகத்தான் இருக்கவேண்டும். என்னைச் சுற்றி மண்டபம் முழுக்கப் பெருமூச்சு. எல்லாரும் 384ஐப் பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தார்கள், பாவம்.

நான் தொகையிட்டேன். ஒருமுறை, திரும்ப ஒருமுறை. முனைகளில் தொய்வு இல்லை என்று போட்டேன். நடுவில் கீழே ஒரு பதினாறு வந்தது, வெளியே ஏற்கனவே ஒரு இருபத்துநாலு இருந்தது. பெருக்கினேன். 384. நான் எழுதவில்லை, அது தானாக வந்தது. பதினாறால் பிரிபடாத ஒரு எண் அந்த இடத்தில் வரவே முடியாது என்று இப்போது தெரிகிறது. 348 பதினாறால் பிரிபடாது. பத்துச் செக்கனில் கண்டுபிடித்திருக்கலாம். இரண்டு வருடம் எடுத்தது.

ஜூலை 3

எர்-தே-எம் 15. கிருஷாந்த் 10, பத்தே பத்து, அதற்கு அவன் ஒரு கேக் வாங்கினான். செப்டெம்பரில் எனக்கு ஸ்தாஜ் கிடைத்திருக்கிறது. பாலம் இல்லை, நகரசபையின் கழிவுநீர்க் குழாய்கள். குழாய்க்கும் பாரம் உண்டு. மேலே பாரிஸே நிற்கிறது.

புதிய தாளின் முதல் பக்கத்தில் என் முழுப்பெயரும் போன் நம்பரும் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். பழையதில் ஒருத்தருடைய பெயரும் இருந்ததில்லை. "பேர் போட்டா ஆக்கள் பிழை பிடிப்பினம்" என்று டெனிஸ்டன் அண்ணை எச்சரித்தார். பிடிக்கட்டும் என்றேன்.

இன்று பின்னேரம் தெரியாத நம்பரில் இருந்து ஒரு கோல். ஆர்ஜொந்தெயில் இருந்து ஒரு பிள்ளை, செப்டெம்பரில்தான் முதலாம் வருடம் தொடங்கப்போகிறாள். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ... பதினோராம் பக்கத்திலை ரெண்டாவது வரி பிழை போல கிடக்கு."

தாளை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்ன மாதிரியே போட்டுப் பார்த்தேன்.

பிழைதான்.

அவளுடைய பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். தர்மிளா. நாளைக்கு லாசப்பல் போய் அந்தப் பக்கத்தை மாற்றவேண்டும். முதல் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே அவளுடையதையும் போடவேண்டும்.